கவுன்சிலர் கேட்ட கேள்வி, பாசி சொன்ன பதில்

கவுன்சிலர் தேர்தல் என்றால் சென்னையிலும் சரி, ஆக்லாந்திலும் சரி, பேச்சு கடைசியில் சாக்கடையில்தான் வந்து நிற்கும். வீட்டு வாசலுக்கு வரும் துண்டறிக்கையில் கவுன்சிலரின் படம் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில், எந்தத் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள், எந்தக் கடற்கரையில் இந்த வாரம் குளிக்கக்கூடாது என்று நாலு வரி. படத்தைப் பார்த்துவிட்டு அந்த நாலு வரியைப் படிக்காமல் போகிறவர்களே அதிகம். ஆனால் நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரத்தில் ஒரு மனிதர் அந்த நாலு வரியை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு தேர்தலில் நின்றார். அவர் ஜெயித்ததால், கண்ணுக்குத் தெரியாத பாசிகளை நம்பி ஒரு நகரம் தன் கழிவுநீரை நாற்பது ஆண்டுகள் ஒப்படைத்தது.

ஆக்லாந்து இரண்டு கடல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். கிழக்கே வைட்டெமட்டா துறைமுகம், பசிபிக்கை நோக்கித் திறக்கிறது. மேற்கே மானுக்காவ் துறைமுகம், டாஸ்மன் கடலை நோக்கித் திறக்கிறது. ஒட்டாஹுஹு பகுதியில் இரண்டுக்கும் இடையே உள்ள நிலம் சுமார் 1.2 கிலோமீட்டர்தான். பழைய நாளில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் படகுகளை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு அந்த வழியாகத் தரைமேல் இழுத்துச் சென்றார்கள். இப்படிப்பட்ட ஊரில் கழிவுநீரை எங்கே விடுவது என்று கேட்டால், கையை நீட்டிய பக்கமெல்லாம் கடல்.

1914 முதல் நகரத்தின் சாக்கடை ஒக்காஹு விரிகுடாவின் முனையில் போய்க் கடலில் விழுந்தது. சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. அந்தக் குழாய் கடற்கரையோடு ஓடியது. கரையில் இருந்தது நாட்டி வாட்டுவா மாவோரி மக்களின் கிராமம். அவர்கள் சிப்பியும் மட்டியும் பொறுக்கும் கரை அது. நகரம் வளர வளர அந்த ஓர் இடம் போதாமல் போயிற்று. 1940-களில் ஆக்லாந்து வடிகால் வாரியத்தின் பொறியாளர்கள் புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்: கழிவுநீரை அதிகம் சுத்திகரிக்காமல், வைட்டெமட்டாவின் வாயில் இருக்கும் பிரவுன்ஸ் தீவிலிருந்து கடலில் விடுவது. மாவோரிகள் மொட்டுகொரியா என்று அழைக்கும் எரிமலைத் தீவு அது. கூம்பு வடிவ முகட்டோடு இன்றும் அதிகம் சிதையாமல் நிற்கும் ஆக்லாந்து எரிமலைகளில் ஒன்று.

இந்தத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பியவர் டவ்-மையர் ராபின்சன். 1901-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் நியூசிலாந்து வந்தவர். ஆயத்த ஆடைத் தொழில் செய்தார். பொறியாளர் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். ஆனால் வடிகால் வாரியத்தின் திட்ட அறிக்கைகளைப் படித்து, கூட்டம் போட்டு, தெருத்தெருவாகப் பேசினார். 1952-ல் ஓர் இடைத்தேர்தலில் ஜெயித்து மாநகராட்சி கவுன்சிலர் ஆனார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவரது அணி வலுப்பெற, எந்த வாரியத்தை எதிர்த்துப் பேசினாரோ அதே வாரியத்துக்குத் தலைவரானார். பிரவுன்ஸ் தீவுத் திட்டம் கைவிடப்பட்டது. 1955-ல் எர்னஸ்ட் டேவிஸ் என்ற செல்வந்தர் அந்தத் தீவை ஆக்லாந்து மக்களுக்கே பரிசாகக் கொடுத்தார்.

பொறியாளர்கள் முட்டாள்கள் இல்லை. கடல் பெரியது, கழிவு சிறியது, கலந்தால் காணாமல் போகும் என்பது அக்காலத்தில் உலகெங்கும் கரையோர நகரங்கள் நம்பிய கணக்கு. அந்தக் கணக்கு எங்கே உதைத்தது என்று பார்ப்பதற்கு ஆக்சிஜனைக் கவனிக்க வேண்டும்.

கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் வெறும் தண்ணீர்தான். மீதியில் மலம், சோப்பு, எண்ணெய், சோற்றுக் கஞ்சி எல்லாம் அடக்கம். இவை பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. சாப்பிட்டதைச் செரிக்க நம்மைப் போலவே அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதை நீரில் கரைந்திருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. எனவே நீரில் கொட்டப்படும் ஒவ்வொரு வாளிக் கழிவும் அந்த நீரின் மேல் ஏற்றப்படும் ஆக்சிஜன் கடன். இந்தக் கடனை அளக்க ஒரு சோதனை உண்டு. நீர் மாதிரியை மூடிய குப்பியில் 20 பாகை செல்சியஸில் ஐந்து நாள் இருட்டில் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் கழிவின் கடன் ஏறத்தாழ 60 கிராம் ஆக்சிஜன்.

60 கிராம் என்பது கேட்பதற்குச் சின்னத் தொகை. ஆனால் கடல்நீர் ஆக்சிஜன் விஷயத்தில் பரம ஏழை. ஒரு லிட்டரில் ஏழெட்டு மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். ஆக ஓர் ஆளின் ஒரு நாள் கழிவு, சுமார் 8,000 லிட்டர் கடல்நீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் காலி செய்யப் போதுமானது. 1950-களின் ஆக்லாந்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல். ஆளுக்கு 60 கிராம் என்றால் நாளொன்றுக்குப் பதினெட்டு டன் ஆக்சிஜன். அலையும் காற்றும் புதிய ஆக்சிஜனைக் கொண்டுவந்து கரைக்கும்தான். நடுக்கடலில் அது போதும். ஆனால் துறைமுகத்தில் வெளியே போன நீர் அடுத்த ஏற்றத்தில் திரும்பி வருகிறது.

கடனை அடைக்க முடியாமல் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை கூவத்தைக் கடந்து போகிற எந்தச் சென்னைவாசிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக்சிஜன் இல்லாத நீரில் வேறு வகை பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. அவை நீரில் கரைந்துள்ள சல்ஃபேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றம். கடல்நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் முகத்துவாரங்களில் இந்த நாற்றம் இன்னும் எளிதாகக் கிளம்பும்.

கலந்தால் காணாமல் போகும் என்ற நம்பிக்கையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. சிப்பி, மட்டி போன்றவை நீரை உறிஞ்சி, அதில் மிதப்பதை வடித்துத் தின்று வாழ்கின்றன. வளர்ந்த ஒரு சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரை இப்படி வடிக்கும். கடல் எதைப் பரப்பி மெலிதாக்குகிறதோ அதைச் சிப்பி மறுபடி சேர்த்துக் கெட்டியாக்கி வைக்கிறது. ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். ஒக்காஹு கரையில் மட்டி பொறுக்கியவர்களின் தட்டுக்கு நகரத்தின் கழிவு இந்த வழியாகத்தான் திரும்பி வந்தது.

தலைவரான ராபின்சனுக்கு இப்போது பதில் சொல்லும் முறை. கிழக்குத் துறைமுகத்தில் விடக்கூடாது என்றால் வேறு எங்கே, எப்படி? வெளிநாட்டு நிபுணர்களின் கருத்தும் கேட்கப்பட்டு, மேற்கே மானுக்காவ் துறைமுகத்தின் மாங்கரே பகுதி தேர்வானது. அங்கே கழிவுநீரை முதலில் தொட்டிகளில் நிறுத்தி, கனமானதை அடியில் படியவைத்துப் பிரிப்பது. பிறகு மிச்சத்தைப் பரந்த, ஆழம் குறைந்த குளங்களில் வெயிலில் விடுவது. ஆக்சிஜனேற்றக் குளம் என்று அதற்குப் பெயர்.

அந்தக் குளத்தில் நடப்பதை விளக்கும் ஆராய்ச்சி அதே 1950-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்டு, ஹரால்டு கோட்டாஸ் இருவரின் கையில் சூடு பிடித்திருந்தது. சாரம் இதுதான். பாக்டீரியா கழிவைத் தின்று ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. பதிலுக்கு கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியா, பாஸ்பேட் ஆகியவற்றை வெளியே விடுகிறது. குளத்தைப் பச்சையாக்கும் நுண்பாசிகளுக்கு இம்மூன்றும் உரம். வெயிலை வாங்கிக்கொண்டு அவை வளர்கின்றன. வளரும்போது ஆக்சிஜனைத் தருகின்றன. ஒரு கிராம் பாசி வளர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிராம் ஆக்சிஜன் கிடைக்கும். பாக்டீரியா பட்ட கடனைப் பாசி அன்றாடம் அடைக்கிறது. இயந்திரம் இல்லை, காற்றூதி இல்லை. வரவு முழுக்க சூரியனிடமிருந்து.

நல்ல வெயில் நாளில் பிற்பகல் குளத்து நீரில் இயல்பாகக் கரையும் அளவையும் தாண்டி ஆக்சிஜன் நிறைந்திருக்கும். பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தீர்ப்பதால் நீரின் காரத்தன்மை ஏறும். அந்தக் காரமும் வெயிலின் புற ஊதாக் கதிரும் சேர்ந்து நோய்க் கிருமிகளைக் கொல்லும். இரவில் கதை தலைகீழ். வெயில் இல்லாததால் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிக்கிற பக்கம் சேர்ந்துகொள்கிறது. விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஒரு குளம் நாள்தோறும் இப்படி மூச்சு இழுத்து விடுகிறது.

ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் வெயில் அடிவரை எட்டாது. ஆகவே ஆழப்படுத்தி இடத்தை மிச்சப்படுத்த முடியாது, அகலப்படுத்தத்தான் வேண்டும். நியூசிலாந்தில் பின்னாளில் வகுத்த கணக்குப்படி ஒரு ஹெக்டேர் குளம் நாளொன்றுக்கு 84 கிலோ ஆக்சிஜன் கடனைத் தாங்கும். மாங்கரே குளங்களின் பரப்பு 500 ஹெக்டேருக்கு மேல். இரண்டையும் பெருக்கினால் நாற்பது டன்னைத் தாண்டுகிறது. வீடுகளின் பதினெட்டு டன் போக மீதி எதற்கு? ஆடுமாடு வெட்டிப் பதப்படுத்தும் ஆலைகள் அப்போது மானுக்காவ் கரையில் இருந்தன. அவற்றின் ரத்தமும் கொழுப்பும் வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு செறிவானவை. வளரப்போகும் நகரத்துக்கும் இடம் விட வேண்டியிருந்தது.

1960-ல் மாங்கரே நிலையம் திறக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய ஆக்சிஜனேற்றக் குளங்களில் ஒன்று அது. ஒக்காஹுவில் விழுந்துகொண்டிருந்த சாக்கடை நின்றது. ராபின்சன் அதற்கு முந்தைய ஆண்டே மேயராகியிருந்தார். 1959 முதல் 1965 வரையிலும், 1968 முதல் 1980 வரையிலும் அந்தப் பதவியில் இருந்து, பழைய ஆக்லாந்து நகரின் மேயர்களிலேயே அதிக காலம் பதவி வகித்தவரானார். ஊர் அவரை ராபி என்றே கூப்பிட்டது.

இத்தோடு கதையை முடித்தால் கவுன்சிலரின் துண்டறிக்கைக்கும் இந்தக் கட்டுரைக்கும் வித்தியாசம் இருக்காது. 500 ஹெக்டேர் குளம் வெற்றிடத்தில் தோண்டப்படவில்லை. மானுக்காவ் துறைமுகத்தின் ஒரு பகுதியையே கரை கட்டி மறித்து, புக்கெட்டுட்டு தீவைச் சுற்றி அமைத்தார்கள். பக்கத்தில் இஹுமாட்டாவ், மாவோரிகள் நூற்றாண்டுகளாகப் பயிர் செய்த மண். அவர்கள் மீன் பிடித்த ஓடையும் சிப்பி எடுத்த சேறும் குளத்துக்குள் போயின. வைட்டெமட்டா கரையின் மாவோரிகளுக்குக் கிடைத்த நிம்மதிக்கு மானுக்காவ் கரையின் மாவோரிகள் விலை கொடுத்தார்கள். நனேகோ மின்ஹினிக் என்ற பெண்மணி இந்தக் குறையை, மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைட்டாங்கி தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனார். 1985-ல் வந்த மானுக்காவ் அறிக்கை, துறைமுகத்துக்கும் அதன் மக்களுக்கும் நேர்ந்த கேட்டை அரசின் முன் எடுத்து வைத்தது. மனிதக் கழிவு மண்ணைத் தொடாமல் நேராக நீரில் சேர்வது மாவோரி மரபில் தீட்டு. எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்த ஆட்சேபம் ஆக்சிஜன் கணக்குக்குள் வராது.

குளமே ஒரு தொல்லையையும் வளர்த்தது. அடிச் சேற்றில் ஒருவகைச் சிறு ஈக்களின் புழுக்கள் கோடிக்கணக்கில் பெருகின. இந்தப் புழு சிவப்பாக இருக்கும். காரணம், பூச்சி இனங்களில் அரிதாகவே காணப்படும் ஹீமோகுளோபின் இதன் உடலில் உண்டு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே வகைப் புரதம்தான். ஆக்சிஜன் அருகிப்போன சேற்றிலும் கிடைத்த கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது. இரவில் ஆக்சிஜன் விழும் குளம் மற்றப் பூச்சிகளுக்கு நரகம், இதற்குத் தாய்வீடு. சிறகு முளைத்ததும் மேகம் மேகமாகக் கிளம்பி மாங்கரே வீடுகளின் விளக்கையும் சுவரையும் மொய்க்கும். கடிக்காது, சில நாளில் செத்தும் போகும். ஆனால் அடுத்த மேகம் தயாராக இருக்கும். நாற்றமும் பூச்சியும் பல பத்தாண்டுகள் அப்பகுதிக் கூட்டங்களில் மாறாத புகார்களாக இருந்தன.

2000-களின் தொடக்கத்தில் குளங்கள் மூடப்பட்டன. கரைகளை உடைத்துக் கடலை மறுபடி உள்ளே விட்டார்கள். இப்போது அதே பாக்டீரியா வேலையைத் தொட்டிகளில், காற்றை ஊதி, ஒரு நாளுக்குள் முடிக்கிறார்கள். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் உலகுக்குக் காட்டிய முறையின் வளர்ந்த வடிவம் அது. வேலை முடித்த பாக்டீரியாச் சேற்றை வீசாமல் திருப்பிப் போட்டு மீண்டும் பயன்படுத்துவதுதான் அதன் சூட்சுமம். காற்றுள்ள அறை, காற்றில்லாத அறை என்று மாற்றி மாற்றி ஓடவிட்டால், அம்மோனியாவிலிருக்கும் நைட்ரஜனை பாக்டீரியாக்கள் படிப்படியாக வளிமண்டலத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். கடைசியில் புற ஊதா விளக்கு. சுத்திகரித்த நீர் வற்றம் வெளியே ஓடும் நேரம் பார்த்துத் திறந்துவிடப்படுகிறது. சூரியன் இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது மின்சாரக் கட்டணம் உண்டு. சேற்றை நொதிக்கவைத்து எடுக்கும் மீத்தேன் அதில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது. குளம் இருந்த இடத்தில் கடற்கரை மீண்டது. வலசைப் பறவைகள் ஏற்ற நேரத்தில் ஒதுங்க மணல்திட்டுகளும் அமைக்கப்பட்டன.

குளம் காலாவதியான யோசனை என்று இதைப் படிக்கக்கூடாது. கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பில் நகரக் கழிவுநீர் இன்றும் மீன் குளங்களுக்குப் போகிறது. அங்கே பாசியை மீன் தின்கிறது. மீனைச் சந்தையில் விற்கிறார்கள். கழிவுக்குக் கணக்குத் தேடிப் புறப்பட்ட அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் அந்த மீனவர்களிடம் கற்றதை உலகுக்குச் சொன்னார். 2002-ல் அந்தச் சதுப்பு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெயிலும் நிலமும் அதை நடத்தத் தெரிந்த மனிதர்களும் இருந்தால் குளம் வேலை செய்யும்.

இன்றைய ஆக்லாந்துக் கவுன்சிலரின் நாலு வரியில் வரும் தலைவலி வேறு: மழை. கிரே லின், ஹெர்ன் பே போன்ற பழைய பகுதிகளில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். சாதாரண நாளில் எல்லாம் ஒழுங்காக மாங்கரே போய்ச் சேரும். கனமழை பெய்தால் குழாய் நிரம்பி, இரண்டும் கலந்து ஓடையிலும் கடற்கரையிலும் வழியும். வீட்டுக்குள் திரும்பி வராமலிருக்க அப்படி வழிவதற்கென்றே வாய்கள் வைத்துத்தான் அந்தக் காலத்தில் கட்டினார்கள். 2023 ஜனவரி 27 அன்று விமான நிலையப் பகுதியில் ஒரே நாளில் 240 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, நகரம் மிதந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். சென்னையின் 2015 வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாளை விவரிக்கத் தேவையில்லை.

இதற்கு நகரம் கொடுத்திருக்கும் பதில் நிலத்தடியில் இருக்கிறது. சென்ட்ரல் இன்டர்செப்டர் என்ற கழிவுநீர்ச் சுரங்கம்: 16.2 கிலோமீட்டர் நீளம், நாலரை மீட்டர் விட்டம், சில இடங்களில் 110 மீட்டர் ஆழம். தமிழர்கள் பலர் குடியிருக்கும் மவுண்ட் ராஸ்கில் பக்கம், மே ரோட்டில் அதன் பெரிய கிணறுகளில் ஒன்று. சுரங்கம் தோண்டிய இயந்திரத்துக்கு ஹிவா-இ-டெ-ராங்கி என்று பெயர் வைத்தார்கள். நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டத்தில், மாவோரிகள் வேண்டுதல் அனுப்பும் நட்சத்திரம் அது. 2025 மார்ச்சில் அந்த இயந்திரம் பாயிண்ட் எரினில் தோண்டி முடித்தது. அடைமழையில் வழிய இருக்கும் நீரை இரண்டு லட்சம் கன மீட்டருக்கு மேல் பிடித்து வைத்து, மெதுவாக மாங்கரேவுக்கு அனுப்பும் கொள்ளளவு அந்தச் சுரங்கத்துக்கு உண்டு.

அதையும் மீறி வழிவது வழியும். ஆகவே சேஃப்ஸ்விம் என்ற அறிவிப்பு முறை. கடல்நீரில் மலம் கலந்திருக்கிறதா என்று அறிய, என்டரோகாக்கஸ் என்ற குடல்வாழ் பாக்டீரியாவைத் தேடுவார்கள். 100 மில்லிலிட்டரில் 280-ஐத் தாண்டினால் நியூசிலாந்தில் அது அபாய எல்லை. சிக்கல் என்னவென்றால், ஆய்வகத்தில் அது வளர்ந்து எண்ணிக்கைக்கு வர ஒரு நாள் ஆகும். நேற்றைய கடலைப் பற்றிய முடிவு இன்று கையில் கிடைக்கும். ஏற்ற வற்றம் அதற்குள் நாலு முறை மாறியிருக்கும். ஆகவே மழை, காற்று, ஏற்ற வற்றம், குழாய்களில் பொருத்திய உணர்கருவிகள் ஆகியவற்றை வைத்து இந்த நேரத்தில் இந்தக் கடற்கரை எப்படி இருக்கும் என்று கணிக்கிறார்கள். பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் நோய் வரும் வாய்ப்பு அதிகம். கருப்பு என்றால் சாக்கடை கலந்திருக்கிறது, கிட்டவே போகாதீர்கள்.

இன்று ஆக்லாந்தில் ஒரு மேயர், 20 கவுன்சிலர்கள், 21 உள்ளூர் வாரியங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். பாதிப் பேருக்கு மேல் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. எந்தக் கடலில் விடுவது, எவ்வளவு சுத்தம் செய்வது, வரியில் யார் எவ்வளவு கட்டுவது என்பதை அனுப்புகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். கழிவை நீராகவும் காற்றாகவும் மாற்ற பாக்டீரியாவுக்குத் தெரியும். அது யாருடைய கரையில் நடக்க வேண்டும் என்பது பாக்டீரியாவிடம் கேட்கிற கேள்வி இல்லை. 1953-ல் ராபின்சனின் அணிக்கு விழுந்த வாக்கு ஒரு துறைமுகத்தைக் காப்பாற்றியது, இன்னொன்றின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டது. இரண்டுமே அதே வாக்கில் அடக்கம்.

ஆகவே வாசலுக்கு வரும் அடுத்த துண்டறிக்கையில் குழாய் பற்றிய நாலு வரி இருந்தால், கவுன்சிலரிடம் ஒன்று கேட்கலாம். வெயில் நாளில் இது எங்கே போகிறது என்று கேட்க வேண்டாம். அதற்கு விடை கண்டு நூறாண்டு ஆகிவிட்டது. அடைமழை நாளில் எங்கே போகிறது, அந்த இடத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டீர்களா என்று கேளுங்கள்.